‘குழப்படி’ப் பிள்ளைக்கு ஒரு தாள்: பாடசாலை ஆதரவுத் திட்டம் பற்றி

தவணைத் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர் குறிப்பு எழுதுவதற்கென்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரிக்குள் நமது ஆசிரியர்கள் காலங்காலமாக எழுதி வரும் சில சொற்கள் உண்டு. “குழப்படி கூட.” “கவனம் போதாது.” “கெட்டிக்காரன், முயற்சி இல்லை.” “விளையாட்டுப் புத்தி.” தரம் 2 இல் எழுதப்பட்ட குறிப்பு தரம் 5 இலும் தரம் 8 இலும் அதே பிள்ளையின் பின்னால் வந்துகொண்டிருக்கும். எழுதுகிற கை மாறும், சொல் மாறாது. தரம் 9 அல்லது 10 அளவில் அந்தப் பிள்ளை வரவை மெல்ல மெல்லக் குறைத்து, ஒரு நாள் வராமலே விட்டுவிடுவான். எங்கேயோ ஒரு கடையில் நிற்கிறான் என்று யாராவது வந்து சொல்வார்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் நமது நாட்டில் விதி இருக்கிறது. அந்த விதி பிள்ளையைப் பதிவேட்டில் வைத்திருக்கும். வகுப்பறையில் வைத்திருக்க வேறு ஏதாவது வேண்டும்.

இப்படி விலகிப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். வறுமையால் போனவர்கள் உண்டு, வீட்டுப் பிரச்சினையால் போனவர்கள் உண்டு. ஆனால் அவர்களுள் ஒரு சாரார், ஏ.டி.எச்.டி. என்று வைத்தியர்கள் சொல்லும் நிலை உள்ளவர்கள். உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளில் ஏறத்தாழ 5 வீதமானோருக்கு இது இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டு பேர். அதாவது, எந்த ஆசிரியருக்கும் இது எப்போதாவது ஒரு தடவை வந்துபோகும் அபூர்வம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இருக்கிற விடயம்.

இதற்குத் தமிழில் வழங்கும் பெயரிலேயே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. சாரதியின் கவனக்குறைவால் விபத்து என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். அது குற்றம் சாட்டும் சொல். கவனித்திருக்கலாம், கவனிக்கவில்லை என்பது அதன் பொருள். ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் கவனம் என்பதே இல்லாமலில்லை. கையடக்கத் தொலைபேசி விளையாட்டிலோ பட்டம் கட்டுவதிலோ இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருப்பார்கள். “அதுக்கு மட்டும் கவனம் வருதே!” என்று உம்மாமார் கோபப்படுவதும் இதனால்தான். கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், அங்கேயே நிறுத்தி வைப்பதும், வேண்டாதபோது விடுவிப்பதும்தான் கடினம். உடனே பலன் தெரிகிற வேலையில் மூளை தானாக ஒட்டிக்கொள்கிறது. பலன் தூரத்தில் இருக்கிற வேலையில் ஒட்ட மறுக்கிறது. வாய்ப்பாடு மனனம் செய்வதன் பலன் தவணைப் பரீட்சையில்தானே தெரியும்!

வைத்தியர்கள் இதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டும், தானே தீர்மானிப்பதற்காக அல்ல. பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்க உளமருத்துவ வரையறையின்படி, கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஆறு, அல்லது துடிப்பும் பொறுமையின்மையும் சார்ந்த ஒன்பதில் ஆறு, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முக்கியமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் அமைதியாக இருந்து ஒரு ஆசிரியரின் பாடத்தில் மட்டும் குழப்புகிற பிள்ளையென்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். காது கேட்பது குறைவாக இருக்கலாம், கண் பார்வையாக இருக்கலாம், எழுத்துக் கூட்டி வாசிப்பதில் உள்ள இடர்ப்பாடாக இருக்கலாம், இரவில் நித்திரை இல்லாமலிருக்கலாம். அந்தப் பாடம் சலிப்பூட்டுவதாகவும் இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது வளர்ப்புக் குற்றமில்லை. பரம்பரை இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பது இரட்டையர் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. “இவன்ட வாப்பாவும் சின்ன வயசில இப்படித்தான்” என்று கிழவிமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. இனிப்புச் சாப்பிடுவதால் வருவதில்லை. கண்ணூறு என்று இசிம் கட்டுவோரும் நம்மில் உண்டு. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை, அதற்காக வைத்தியரிடம் போவதை இரண்டு வருடம் பின்போட வேண்டாம் என்பதுதான் எனது வேண்டுகோள். 1902 இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற லண்டன் குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அதற்குப் பெயரிட்டார். அவர் பயன்படுத்திய சொல்லை வைத்தியத்துறை எப்போதோ கைவிட்டுவிட்டது. நமது தேர்ச்சி அறிக்கைகள் இன்னும் விடவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கதிரையை விட்டு எழும்பாமல், யாருக்கும் தொந்தரவு தராமல், யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடத்தைக் கடத்தும் பிள்ளை எந்த ஆசிரியரின் முறைப்பாட்டிலும் வர மாட்டாள். கேட்டால் “நல்ல புள்ள, கொஞ்சம் மந்தம்” என்பார்கள். துடிப்பு இல்லாமல் கவனச் சிக்கல் மட்டும் இருக்கிற வகை பெண் பிள்ளைகளிடம் அதிகம் தவறவிடப்படுகிறது. நமது மகளிர் பாடசாலைகளில் ஒழுங்கு நன்றாக இருப்பதாலேயே இவர்கள் மறைந்து போகிறார்கள்.

சரி, ஆதரவுத் திட்டம் என்றால் என்ன? அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 1973 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவின் கீழ், இயலாமை உள்ள மாணவனுக்குப் பாடசாலை செய்துகொடுக்க வேண்டிய வசதிகளைத் திட்டமாக எழுதுகிறார்கள். விசேட கற்பித்தலே தேவைப்படுகிற பிள்ளைக்கு வேறொரு சட்டத்தின் கீழ் தனியாள் கல்வித் திட்டம் எழுதப்படும். நமது நாட்டிலும் விசேட கல்வி அலகுகளில் தனியாள் கல்வித் திட்டம் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆனால் நான் பேசுகிற பிள்ளை சாதாரண வகுப்பில் இருப்பவன், அங்கேயே இருக்க வேண்டியவன். எழும்பித் திரிகிறான் என்பதற்காக, பாடத்தை விளங்கிக்கொள்ளக் கூடிய ஒருவனை விசேட அலகுக்கு அனுப்புவது அவனுக்கும் நியாயமில்லை, அந்த அலகில் உண்மையில் இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் நியாயமில்லை. அவனுக்குத் தேவை ஒரு தாள். வகுப்பாசிரியர், பெற்றார், அதிபர் மூவரும் உட்கார்ந்து, இந்தத் தவணையில் யார் என்ன செய்வது என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாள். வைத்தியரின் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சில பயிற்சிகளில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பன்னிரண்டு பக்கப் படிவம் தருவார்கள். அதை நிரப்பி முடிக்கும்போது ஆசிரியருக்கும் பொறுமை போய்விடும். ஒரு பக்கம் போதும் என்பது எனது உறுதியான கருத்து.

அந்த ஒரு பக்கத்தை எழுதுவதில்தான் தமிழ் ஆசிரியர் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெயர்ச்சொல்லில் பேசுகிறோம். குழப்படிக்காரன், சோம்பேறி, அடங்காதவன், மந்தம். பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. ‘சோம்பேறி’யை எந்தத் திட்டத்தாலும் திருத்த முடியாது, ஏனென்றால் அது ஒரு ஆளின் பெயராகிவிட்டது. திட்டம் வினைச்சொல்லில் எழுதப்பட வேண்டும். “கணித பாடவேளையில் ஏறக்குறைய பத்துத் தடவை எழும்புகிறார்.” “கரும்பலகையில் உள்ள ஐந்து கணக்கில் இரண்டைத்தான் எழுதி முடிக்கிறார்.” “கேள்வி முடிய முன் விடை சொல்கிறார்.” வினையை எண்ணலாம். எண்ணக் கூடியதைக் குறைக்கலாம், கூட்டலாம், அடுத்த மாதம் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே முதல் வாரம் எண்ணுவது மட்டும்தான் வேலை. கொப்பியின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டால் போதும். எந்தப் பாடவேளையில் கூட, எந்த நேரத்தில் குறைவு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் குறிக்க வேண்டும். இதைச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் அனேகமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “நாள் முழுக்க எண்டுதான் நினைச்சன், பார்த்தா இடைவேளைக்குப் பிறகுதான்.”

ஒரு மாதிரியைச் சொல்கிறேன். தரம் 4 இல் படிக்கிற ஒரு மகன், பல பிள்ளைகளைச் சேர்த்து நான் உருவாக்கிக்கொண்டவர். தாளின் மேற்பகுதியில் அவருக்கு நன்றாக வருவது என்னவென்று எழுதுகிறோம்: சித்திரம், கதை சொல்லல், சிறியவர்களுக்கு உதவுதல். இது அலங்காரத்துக்கு எழுதுவதில்லை, கீழே தேவைப்படும். அடுத்து இரண்டு இலக்கு, கூடிப்போனால் மூன்று. கணிதத்தில் பத்துத் தடவை எழும்புகிறவருக்கு ‘எழும்பக் கூடாது’ என்று இலக்கு வைத்தால் முதல் நாளே தோற்றுவிடுவார். முதல் இரண்டு வாரத்துக்கு ஏழு என்று வைக்கிறோம். பெரும்பாலான நாட்களில் வெல்லக் கூடியதாக இலக்கு இருக்க வேண்டும். பிறகு ஐந்து, பிறகு மூன்று. இரண்டாவது இலக்கு, தந்த வேலையில் பாதியை நேரத்துக்கு முடித்தல்.

அதற்குக் கீழே ஆசிரியர் செய்ய வேண்டியவை. முன்வரிசையில், கதவுக்கும் யன்னலுக்கும் தள்ளி, அமைதியான பிள்ளையின் பக்கத்தில் இருக்கை. கடைசி வாங்கில் தனியே இருத்துவது ஆசிரியருக்குத்தான் நிம்மதி. ஐந்து கணக்கையும் ஒன்றாகக் கொடுக்காமல் இரண்டு கொடுத்து, முடித்ததும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, பிறகு இரண்டு. இதில் அவர் எழும்பி நடப்பதும் சட்டப்படி ஆகிவிடுகிறது. வெண்கட்டி எடுத்து வர, கொப்பி பகிர, வரவு இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோக அவரையே அனுப்பலாம். அசைவு அவருக்குத் தேவை, அதை வேலையாக மாற்றிக் கொடுக்கிறோம். கட்டளை சுருக்கமாக, செய்ய வேண்டியதைச் சொல்வதாக இருக்கட்டும். “குழப்படி பண்ணாம இரி” என்பதில் செய்வதற்கு எதுவும் இல்லை. “மகன், பென்சிலை வச்சிட்டு என்னைப் பாருங்க” என்பதில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் அவரால் செய்ய முடியும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்வது இன்னும் நல்லது. எல்லோர் முன்னும் பெயரைக் கூப்பிடாமல், மேசையில் மெல்ல ஒரு விரல் தட்டு என்று இருவருக்குள் மட்டும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தாளோடு தினமும் போய்வருகிற ஒரு சின்ன அட்டை இருக்க வேண்டும். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் ஒரு சரி அடையாளம் போடுவார், அல்லது போட மாட்டார். வீட்டுக்குப் போனதும் உம்மா அதைப் பார்த்து அன்றைக்கே ஏதாவது கொடுக்க வேண்டும். காசு வேண்டாம். அரை மணித்தியாலம் கூடுதலாக சைக்கிள், வாப்பாவோடு பந்து, இரவுச் சாப்பாட்டை அவர் தெரிவுசெய்வது, இவை போதும். ‘தவணை முடிவில் முதலாவதாக வந்தால் சைக்கிள்’ என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளையிடம் வேலை செய்யாது. மூன்று மாதம் என்பது அவருக்கு இன்னொரு கண்டம். இந்த நாளாந்த அட்டை முறை பல நாடுகளில் பரிசோதிக்கப்பட்டுப் பயன் கண்ட ஒன்று, செலவும் இல்லை. கவனிக்க வேண்டியது, கிடைத்த அடையாளத்தைப் பிறகு ஒரு குற்றத்துக்காக அழிக்கக் கூடாது.

தண்டனை பற்றியும் இரண்டு வார்த்தை. உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் எப்போதோ தடைசெய்துவிட்டன, அதை விவாதிக்க இங்கே எதுவுமில்லை. அதைவிடச் சாதாரணமாக நடப்பது, இடைவேளையை வெட்டுவதும் உடற்கல்விப் பாடத்துக்கு விடாமல் வகுப்பில் இருத்தி எழுத வைப்பதும். ஓடித் திரிந்து வந்தால்தான் அடுத்த பாடத்தில் இருக்கக் கூடிய பிள்ளையின் ஓட்டத்தைப் பறித்துவிட்டு, அடுத்த பாடத்தில் இருக்கவில்லை என்று மறுபடி தண்டிக்கிறோம்.

“நாப்பது புள்ளைக்குள்ள ஒருத்தனுக்கு மட்டும் இதெல்லாம் ஏலுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பாடவேளையில் பத்துத் தடவை “இரி, இரி” என்று சொல்வதற்கு இப்போதே நேரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சுருக்கமான கட்டளையும் துண்டு துண்டான வேலையும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் நன்மைதான்.

நமது பிள்ளைகளின் நாள் ஒன்றரை மணியோடு முடிவதில்லை. பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, தரம் 5 நெருங்கினால் டியூஷன் வகுப்பும் சேரும். ஆகவே பாடசாலையில் மட்டும் எழுதப்பட்ட திட்டம் அரைத் திட்டம்தான். முஅல்லிமுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். ஓதல் வகுப்பின் மரபான முறை இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வகையில் மிகப் பொருத்தமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடம், அவரவர் வேகம், வாய்விட்டு ஓதுதல், ஓதும்போது உடலை அசைப்பது குற்றமில்லை, ஓதி ஒப்புவித்தவுடன் பிழையும் சரியும் தெரிந்துவிடுகிறது. நவீன ஆதரவுத் திட்டங்கள் கேட்கிற பலவும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. சிக்கல் எங்கே வருகிறதென்றால், தனது முறை வரும்வரை காத்திருக்கிற நேரத்தில். முப்பது பேர் ஓதி முடியும்வரை ஒருவரைச் சும்மா இருத்தினால் அடி விழாமல் அந்த வகுப்பு முடியாது. இவரை முதல் ஐந்து பேருக்குள் கூப்பிடுங்கள், பிறகு சின்னப் பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். மேலே ‘சிறியவர்களுக்கு உதவுதல்’ என்று எழுதியது இங்கேதான் உதவுகிறது.

மருந்து எடுக்கிற பிள்ளையானால் இந்தப் பின்னேரம் இன்னும் முக்கியம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, நிலைமையைப் பொறுத்து, மெதில்ஃபெனிடேட் என்ற மருந்தை வைத்தியர் எழுதுவதுண்டு. அதன் சாதாரணக் குளிகை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம்தான் வேலை செய்யும். காலை ஏழு மணிக்குக் கொடுத்தது பதினொரு மணிக்கு முடிந்துவிடுகிறது. “காலையில தங்கமான புள்ள, பின்னேரம் ஏன் இப்படி?” என்று முஅல்லிம் கேட்பதற்கும், கடைசிப் பாடவேளை ஆசிரியருக்கு மட்டும் திட்டம் தோல்வியாகத் தெரிவதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். வைத்தியரிடம் இதைச் சொன்னால் அளவையும் நேரத்தையும் அவர் பார்த்துக்கொள்வார். பசி குறைவதும் நித்திரை பிந்துவதும் இதன் தெரிந்த பக்க விளைவுகள். பகல் சாப்பாடு தீண்டாமல் திரும்பி வருகிறதா என்பதை ஆசிரியர்தான் காண்பார், ஆகவே அதையும் அட்டையில் குறிக்கலாம். மருந்து கொடுப்பதா இல்லையா என்று பெற்றாருக்கு ஆலோசனை சொல்வது நமது வேலை இல்லை.

வீட்டில் பெரும்பாலும் உம்மா தனியே. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். பாடசாலை கூப்பிடுகிறது என்றாலே ‘என்ன செய்தானோ’ என்று நடுங்கிக்கொண்டு வருகிற உம்மாவிடம், எண்ணி எழுதிய தாளைக் காட்டிப் பேசினால் பேச்சே மாறிவிடும். நல்ல அட்டையை உம்மா படம் எடுத்து வட்ஸ்அப்பில் வாப்பாவுக்கு அனுப்ப, அவர் இரவில் குரல் பதிவு அனுப்பினால், அதைவிடப் பெரிய பரிசு அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதுவரை அவர் கேட்டதெல்லாம் ஏச்சாகத்தான் இருந்திருக்கும்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொரு விசேடம், றமழான் விடுமுறை. ஒரு மாத இடைவெளியில் பழக்கம் அத்தனையும் கலைந்துபோகும். நித்திரை நேரமும் தலைகீழாகும். விடுமுறைக்கு முந்திய வாரத்தில் வீட்டுக்கென்று ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுப்பது நல்லது: ஸஹருக்குப் பிறகு எப்போது நித்திரை, எந்த நேரத்தில் கால் மணித்தியாலம் வாசிப்பு, இஃப்தாருக்கு முன் அவர் கையில் என்ன வேலை. நோன்பு பிடிக்கிற வயதாகி மருந்தும் எடுப்பவர் என்றால், மாதம் தொடங்க முன்பே வைத்தியரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றார் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

திட்டத்தை ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். பலன் தராததை வெட்டிவிட வேண்டும், வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் உடைவது ஆறாம் வாரத்தில் இல்லை, ஆறாம் தரத்தில். தரம் 5 வரை ஒரே வகுப்பாசிரியர். அவருக்குப் பிள்ளையின் முகம் தெரியும். தரம் 6 இல் நாற்பது நிமிடத்துக்கு ஒருவராக எட்டுப் பேர் வருகிறார்கள், வீட்டுவேலை எட்டுக் கொப்பியில், ஒருவருக்கும் முழுப் பிள்ளை தெரியாது. ஒழுங்குபடுத்திக்கொள்வதிலேயே சிக்கலுள்ள பிள்ளைக்கு இதைவிடக் கடினமான மாற்றம் வேறில்லை. பழைய வகுப்பாசிரியரும் புதிய வகுப்பாசிரியரும் கால் மணித்தியாலம் உட்கார்ந்து அந்தத் தாளைக் கைமாற்ற வேண்டும். எட்டுப் பேருக்கும் பிரதி கொடுக்க வேண்டும், ஒரு பிரதி அதிபரின் கோவையில் இருக்க வேண்டும். பாடசாலையே மாறினால் விடுகைப் பத்திரத்தோடு பெற்றாரின் கையில் ஒன்று.

பரீட்சைக்கும் அந்தக் கோவை வேண்டும். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்கும் ஏற்பாடு பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது. விண்ணப்பம் அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, முன்கூட்டியே போக வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது உம்மா ஓடிவந்து கேட்டால், புதிதாக எதையும் தயாரிக்க நேரம் இராது. தரம் 4 இலிருந்து எண்ணி எழுதிய தாள்கள் இருந்தால், வைத்தியருக்குக் காட்டுவதற்கும் அதுவே போதுமான சான்று. சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளையின் வகுப்பாசிரியர் அந்தக் கோவையைத் தரம் 10 இன் தொடக்கத்திலேயே ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.